சூடு தெரியாத கால்கள்

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் கோயில் பூசைக்குப் போய்வந்து, மத்தியானம் முழுக்கத் தேயிலை மலைக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டிவிட்டு, பூட்ஸுக்குள் ஓடைத் தண்ணீரோடு வீடு திரும்பினேன். கேமரன் மலையில் மழைநாளில் நனைந்த கால் எப்படி விறைக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் மனைவி ஸ்டெல்லா வழக்கம்போல் வாளியில் வெந்நீர் ஊற்றி, உப்புப் போட்டு வைத்திருந்தாள். காலை விட்டேன். சூடே தெரியவில்லை.

"ஆறிப்போச்சே ஸ்டெல்லா. இன்னும் கொஞ்சம் ஊத்து."

அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கெட்டிலைக் கொண்டுவந்து ஊற்றினாள். இன்னும் என்றேன். ஊற்றினாள். நான் பத்திரிகையைப் பிரித்துக்கொண்டேன். அவள் தோளில் கிடந்த துண்டு நழுவி வாளிக்குள் விழுந்தது. எடுக்கக் கையை விட்டவள் அலறிக்கொண்டு உதறினாள். நான் காலை வெளியே எடுத்தேன். இரண்டு பாதங்களும் வெந்து சிவந்திருந்தன. எனக்கு வலிக்கவே இல்லை.

இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கும் பல வருடங்களாக இனிப்பு நீர் உண்டு. மாத்திரையை ஒருநாளும் தவறவிட்டதில்லை. கண்ணைச் சோதித்தார்கள், ரத்தத்தைச் சோதித்தார்கள், போனேன், கையை நீட்டினேன். என் பாதத்தை மட்டும் நான் குனிந்து பார்த்ததில்லை. அது இருக்கிற இடத்தில்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மோட்டார் கதையையும் சொல்லிவிடுகிறேன். தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவன் நான். கல்யாணத்துக்கு முன்னால் நானும் என் கூட்டாளி குணாவும் ஆளுக்கொரு ஸ்கிராம்பிளர் (மண் பாதையில் ஓட்டும் உயரமான மோட்டார்) வைத்திருந்தோம். கொழுந்து லாரி ஏறத் தயங்கும் மேட்டிலெல்லாம் ஏறுவோம். பிள்ளைகள் பிறந்தார்கள், மோட்டார் போனது. யாரும் விற்கச் சொல்லவில்லை. இடம் இல்லை, நேரம் இல்லை, அவ்வளவுதான்.

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு, திரும்ப வாங்கச் சொன்னவள் ஸ்டெல்லாதான். "வீட்ல குந்திக்கிட்டு என் கொழம்புல குத்தம் கண்டுபிடிக்கிறதுக்குப் போயி மோட்டார ஓட்டுங்க" என்றாள். கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் குணாவே பழைய வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்தான். நான் அதைப் பிரித்துப் பூட்டினேன்.

அறுபதை நெருங்குகிற வயதில் மறுபடியும் வண்டியின் கால்மிதி மேல் எழுந்து நின்று, முழங்காலைத் தளர்த்தி, செம்மண் சரிவில் இறங்கியபோது எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவும் செய்தேன். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த வங்காளதேசத்துப் பையன்கள் சிரித்தார்கள். முதுகு வலித்தது, மணிக்கட்டு வலித்தது. அந்த வலிகூட எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் சில விஷயங்கள் சரியில்லை. கியரை எங்கே மிதிக்கிறோம் என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. "பாதையப் பாருலா மச்சான், கியர் எங்கயும் ஓடிப் போவாது" என்று குணா கிண்டல் செய்வான். பழக்கம் விட்டுப்போனதால் என்று நினைத்தேன். கால் மரத்துப்போவது குளிரால் என்று நினைத்தேன். இந்த மலையில் யாருக்குத்தான் கால் மரக்கவில்லை? இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொண்டேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. வண்டி துளி அதிர்வு இல்லாமல் ஓடுகிறது, என் கை வேலை அப்படி என்று குணாவிடம் பெருமை பேசினேன். அவன் ஒருநாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, கால்மிதி அதிர்வில் உள்ளங்கால் கூசுகிறது என்றான். அவனுக்குப் பொறாமை என்று சிரித்தேன்.

தானா ராத்தா மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டுப் போட்ட இளம் மலாய் டாக்டர் ஒரு சின்ன இரும்புக் கவையை எடுத்தார். தட்டினால் அதிரும் கருவி அது. தட்டி என் மணிக்கட்டில் வைத்தார். குறுகுறுத்தது. மறுபடி தட்டிக் கணுக்காலில் வைத்தார். வெறும் இரும்பு. பெருவிரலில் வைத்தார். அதுவும் வெறும் இரும்பு. கவை இன்னும் அதிர்ந்துகொண்டிருப்பதை அவர் விரல் அருகே பார்த்தேன். என் வண்டி அதிராமல் ஓடிய ரகசியம் அப்போதுதான் புரிந்தது. நரம்புச் சேதம் (இனிப்பு நீரால் பாதத்து நரம்புகள் உணர்வை இழப்பது) என்றார் டாக்டர். இது வந்து வெகுநாளாகியிருக்கும் என்றும் சொன்னார்.

வலது கால் ஆறியது. இடது கால் ஆறவில்லை. காய்ச்சல் வந்தது, புண்ணில் வாடை வந்தது. ஆம்புலன்ஸில் ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு இறக்கினார்கள். அந்த வளைவுகளையெல்லாம் படுத்தபடியே எண்ணிக்கொண்டு போனேன். செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். பிறகு பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தார்கள். தொடையிலிருந்து தோலை உரித்துப் பாதத்தின் மேல் ஒட்டினார்கள். தொடை வலித்தது. விரல் போன இடம் வலிக்கவில்லை. அந்த வலிக்காக ஏங்கினேன் என்று சொன்னால் நம்புவீர்களா தெரியவில்லை.

ஸ்டெல்லா வார்டில் என் பக்கத்திலேயே இருந்தாள். அறுவைக்கு மறுநாள்தான் வாய் திறந்தாள்.

"நான்தானே ஊத்துனேன்."

"நான்தானே ஊத்தச் சொன்னேன்."

"நீங்க சொன்னா? கைய விட்டுப் பாத்திருக்கணும்ல."

டாக்டரைக் கூட்டிவந்து சொல்ல வைத்தேன். காலில் உணர்வு இல்லாதவருக்கு இன்றில்லாவிட்டால் நாளை ஏதாவது நடந்திருக்கும், உங்கள் மேல் தவறில்லை என்று அவரும் பொறுமையாகச் சொன்னார். தலையை ஆட்டினாள். அவள் மனதில் அது இறங்கவில்லை. விரல் போனதை நான் தாங்கிக்கொண்டேன். அவள் முகத்தைத் தாங்க முடியவில்லை. அந்தப் பாரத்தை எப்படியாவது அவளிடமிருந்து இறக்கிவிட வேண்டும் என்பதுதான் அன்றிலிருந்து என் ஒரே கவலை.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு எல்லாமே ஆறித்தான் வந்தது. சோறு, சூப், குளிக்கிற தண்ணீர். தேநீரை டம்ளருக்கு டம்ளர் ஆற்றி, தன் உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத் தருவாள். தேயிலைத் தொழிற்சாலையில் ஆவி பறக்கக் குடித்தே வளர்ந்தவன் நான். நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல வாய் வரும். சொல்லாமல் குடிப்பேன்.

மறுபடி ஓட்டலாமா என்று ஈப்போவில் டாக்டரைக் கேட்டேன். அவர் தமிழர், சுற்றி வளைக்கவில்லை. "விழுந்து எலும்பு ஒடைஞ்சா சேத்துரலாம் ஐயா. பூட்ஸுக்குள்ள சின்னக் கல்லு ஒண்ணு போச்சுன்னா? சாயங்காலம் வரைக்கும் அது மேல நிப்பீங்க. உங்களுக்குத் தெரியாது." இருக்கிற காலையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

குணா வந்து வண்டியை எடுத்துப்போனான். கம்போங் ராஜா வளைவு தாண்டும்வரை இரண்டு, மூன்று என்று அவன் கியர் மாற்றுவது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அழுதேன். ஒரு வருடம்கூட முழுதாக ஓட்டவில்லை. முப்பது வருடம் நல்ல கால்களோடு சும்மா இருந்தேனே என்பதுதான் வயிற்றெரிச்சல். மோட்டாருக்கு நேரம் வரும் என்று காத்திருந்தேன். கால் காத்திருக்கவில்லை.

இப்போது சாயங்கால ஜெபம் முடிந்ததும் ஸ்டெல்லா என் பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறாள். விரல் இடுக்கு, குதிகால், ஒட்டுத்தோலின் ஓரம் எல்லாவற்றையும் தடவிப் பார்க்கிறாள். கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம் எதுவும் இருக்கக் கூடாது. உங்களுக்கும் யாராவது இதைச் செய்ய வேண்டும், இல்லையென்றால் ஒரு கண்ணாடியை வைத்து நீங்களே பார்க்க வேண்டும். அவள் இதை ஒரு தண்டனை போலச் செய்கிறாளோ என்று எனக்கு உள்ளுக்குள் உறுத்தும். மடக்கிக்கொள்ளப் பார்ப்பேன். விடமாட்டாள்.

போன வாரம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். வெளியே பனி இறங்கியிருந்தது. சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். வெகுநேரம் ஆனதுபோல் தோன்றியது.

"பாத்து முடிச்சிட்டியா? கால எடுத்துக்கவா?"

திரும்பிப் பார்த்தேன். என் இடது பாதத்தை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்திருந்தாள். கன்னம் நனைந்திருந்தது. பாதத்திலும் ஈரம் பட்டிருந்தது.

"முடிச்சு ரொம்ப நேரமாச்சுங்க. சும்மா புடிச்சிக்கிட்டிருக்கேன்."

எவ்வளவு நேரமாகப் பிடித்திருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. அன்று முதல் அந்த நேரத்தில் நான் சன்னல் பக்கம் திரும்புவதில்லை. அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.