சாலை காலியாக இருந்தது

கல்யாணமான முதல் வருடத்தில் என் கணவர் சொன்ன எதையும் நான் அப்படியே நம்பவில்லை. இப்போது அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அப்போது அதைச் சந்தேகம் என்று நான் நினைக்கவில்லை. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

2004 ஆவணியில் எங்களுக்குக் கல்யாணம். நாற்பது நாள் கூட இருந்துவிட்டு அவர் சிங்கப்பூருக்குத் திரும்பிப் போனார். அங்கே ஒரு கட்டடக் கம்பெனியில் லாரி டிரைவர். காலையில் ஆட்களைத் தங்கும் இடத்திலிருந்து வேலை நடக்கும் இடத்துக்கு ஏற்றிப்போக வேண்டும், மாலையில் திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டும். என் அப்பாவுக்கு இந்த மாப்பிள்ளை பிடித்துப்போனதே அந்த வேலையால்தான். "வெயில்ல மண்ணு தூக்கற வேலை இல்லப்பா. ஏசி போட்ட வண்டி ஓட்டறாரு" என்று பத்திரிகை வைக்கப்போன வீட்டிலெல்லாம் சொன்னார்.

நான் பிரம்மதேசத்தில் மாமனார் மாமியாரோடு இருந்தேன். மாமனார் விடியுமுன்னே சைக்கிளை எடுத்துக்கொண்டு மரக்காணம் உப்பளத்துக்கு உப்பு வாரப் போவார். வெயில் ஏறினதும் திரும்பிவிடுவார். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க எனக்குப் பிடிக்கவில்லை. டைப்பிங் படித்திருந்தேன். மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸும் பிரவுசிங்கும் சேர்ந்த ஒரு கடையில் ஆள் தேடினார்கள், சேர்ந்துகொண்டேன். கடைக்காரரை அண்ணே என்று கூப்பிடுவேன். மூன்று கம்ப்யூட்டர் இருந்தது. இன்டர்நெட் டெலிபோன் லைன் வழியாக வரும். ஒரு படம் முழுதாகத் திறப்பதற்குள் இரண்டு ஜாதகத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடலாம்.

கூட்டமில்லாத ஒரு மத்தியானம், அவர் இருக்கும் ஊர் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்கத் தேடினேன். கட்டடங்கள், கடற்கரை, பூங்கா எல்லாம் வந்தது. அதோடு ஒரு பக்கம் கண்ணில் பட்டது. நகரத்துச் சாலைகளில் அங்கங்கே கேமரா வைத்திருந்தார்கள். எந்தச் சாலையில் நெரிசல், எங்கே மழை என்று வண்டி எடுக்கும் முன்னால் பார்த்துக்கொள்வதற்காக. சில நிமிடத்துக்கு ஒருமுறை புதுப் படம் எடுத்துப் போடுவார்கள். அவர் தினமும் போகும் எக்ஸ்பிரஸ்வேயின் பெயர் அதில் இருந்தது. திறந்தேன். நாலு வரிசைச் சாலை, ஓரத்தில் மரங்கள், சோப்புக்கட்டி மாதிரி வண்டிகள். எந்த வண்டிக்குள்ளும் முகம் தெரியவில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதில் ஏதோ ஒன்றில் அவர் இருக்கலாம்.

அதன்பிறகு தினமும் ஒரு தடவை திறந்து பார்ப்பேன். அவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், சொல்லாமல் வைத்திருப்பதில் ஒரு சுகம் இருந்தது. போனில் அவர், "இன்னிக்கு ஒரே மழை" என்றால், தெரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழியில் அவர் நாலு நாள் விடாமல் போன் செய்தார். அதன்பிறகு தை பிறந்ததும் ஏதோ மாறியது. சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி என்பது எங்கள் நேரம். வீட்டு போன் பக்கத்தில் நான் காத்திருப்பேன். அந்த மணி தப்ப ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டு, "ரோட்டுல ஜாம்மா. ஆறு மணிக்கு மாட்டினவன், ரூமுக்கு வர்றதுக்கு ஒம்போதரை ஆயிடுச்சு. போன் கார்டு வாங்கற கடை சாத்திட்டான்" என்பார். ஒரு வாரம், இரண்டு வாரம் என்றால் சரி. மாசி, பங்குனி என்று போய்க்கொண்டே இருந்தது. குரலும் மாறியிருந்தது. எதைக் கேட்டாலும் ஒரு நொடி யோசித்துவிட்டுப் பதில் சொன்னார்.

வண்டியைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றினார். புது வண்டி கொடுப்பார்கள் என்று முன்பு சொன்னாரே, கொடுத்துவிட்டார்களா என்று ஒரு தடவை கேட்டேன். "அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்குது?" என்றார்.

சித்திரையில் கணக்குப் போட ஆரம்பித்தேன். அங்கே ஆறு மணி என்றால் இங்கே மூன்றரை. சனிக்கிழமை காலையில் கடை திறந்ததும் ஒரு தடவை சாலையைத் திறந்து பார்ப்பேன். சரியாக மூன்றரைக்கு மறுபடி திறப்பேன். காலியாக இருந்தது. அடுத்த சனிக்கிழமையும் காலியாக இருந்தது. வண்டிகள் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தன. நெரிசல் என்று சொல்ல அதில் எதுவுமே இல்லை. மறுநாள் காலையில் அவர், "ஜாம்" என்றார்.

பொய் சொல்கிற ஆம்பளை எதற்காகப் பொய் சொல்வான்? அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அவளுக்கு உயரம், நிறம் எல்லாம் நானே கொடுத்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவளோடு சண்டை போட்டேன். உப்பு வெள்ளையாகக் குவித்துக்கிடக்கும் இடத்தைத் தாண்டும்போது கண் கூசும். அதைச் சாக்காக வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வேன்.

நாலாவது சனிக்கிழமையும் காலியாக இருந்தது. மறுநாள் அவர் கூப்பிட்டபோது மாமியார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"நேத்தும் ஜாமா?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா. ரெண்டு மணி நேரம் அப்படியே நின்னுச்சு."

"பொய் சொல்லாதீங்க. ரோடு காலியாத்தான் இருந்துச்சு. நான் பாத்தேன்."

"எங்க பாத்தே?"

"கம்ப்யூட்டர்ல. நாலு வாரமா பாத்துக்கிட்டுதான் இருக்கேன். உங்க ரோடு, உங்க டைம். ஒரு வாரம் கூட ஜாம் இல்ல."

அவர் மெதுவாக, "என்னை வேவு பாக்கறியா நீ?" என்றார். லைன் கட்டாகிவிட்டது. அவர் வைத்தாரா, கார்டு தீர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. அதன்பிறகு இரண்டு வாரம் போன் வரவில்லை.

இதற்கிடையில் என்னைப் பற்றியும் பேச்சு கிளம்பியிருந்தது. கடைக்கு வந்த எங்கள் தெருப் பெண் ஒருத்தி, நான் கம்ப்யூட்டரையே முறைத்துப் பார்த்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ பேசுவதைப் பார்த்திருக்கிறாள். "உன் மருமவ கம்ப்யூட்டர்ல யார் கூடவோ பேசறா" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டாள். மாமியார் நேரடியாகக் கேட்கவில்லை. சோறு போடும்போது என் முகத்தையே பார்ப்பார். "சனிக்கிழமையானா சீக்கிரமே கெளம்பிப் போயிடற. அப்படி இன்னா வேலை?" என்று ஒருநாள் கேட்டார். ஜெராக்ஸ் கூட்டம் என்று பொய் சொன்னேன். அவர் நம்பவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை மூன்றரைக்கு நான் சாலையைத் திறந்து வைத்திருந்தபோது, பின்னால் யாரோ வந்து நின்றார்கள். திரும்பினால் மாமனார். துவைத்த சட்டை போட்டிருந்தார். அவர் அந்தக் கடைக்குள் அதற்கு முன் வந்ததில்லை.

"உங்க அத்தைதான் போய்ப் பாத்துட்டு வரச் சொன்னா" என்றார். மறைக்கத் தெரியாத மனிதர். "இன்னாம்மா பாக்கற?"

எனக்கு அவமானமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. நாற்காலியை நகர்த்தி அவருக்கு வழிவிட்டேன்.

"உங்க புள்ள வண்டி ஓட்டற ரோடு மாமா. சிங்கப்பூரு. இப்ப அங்க எப்படி இருக்குதுன்னு இது காட்டும்."

"இப்பவா?"

"இப்பத்தான். அங்க மணி ஆறு."

அவர் குனிந்து, திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். "இதுல எது அவன் வண்டி?" என்று கேட்டார். தெரியாது என்றேன். ஒவ்வொரு வண்டியாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். மகனைத் தேடுகிறார் என்று புரிந்தது. அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன். "ஜாம் ஜாம்னு சொல்றாரு மாமா. போன் பண்ணாததுக்கு அதான் காரணமாம். நீங்களே பாருங்க. எங்க ஜாம்?"

அவர் ஒரு பஸ்ஸின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஆறு மணின்னியே, காலைலயா சாயங்காலமா?"

"சாயங்காலம்."

"அப்ப நிழல் எங்கம்மா?"

"இன்னாது?"

"நிழல். சாயங்காலம்னா நிழல் நீளமா விழணும். இதுல பாரு, மரத்து நிழல் மரத்துக்கு அடியிலயே கெடக்குது. பஸ்ஸுக்கும் அப்படித்தான். நான் தெனம் உப்புப் பாத்தியில நிக்கறவன், எனக்குத் தெரியாதா? இது உச்சிப்பொழுது. இது இப்ப எடுத்த படம் இல்ல."

நான் கடைக்கார அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் டீ கிளாஸோடு வந்து பார்த்தார். "காலைல இதே சிஸ்டத்துல இத தொறந்தியாம்மா?" என்றார். ஆமாம் என்றேன், பத்தரைக்கு. "அதான். லைன் ஸ்லோன்னு நான்தான் அப்படி செட் பண்ணி வெச்சேன். ஒருவாட்டி தொறந்த படத்தை அதுவே எடுத்து வெச்சிக்கும். ராத்திரி ஆஃப் பண்ணும்போது அழிஞ்சிடும், அதுவரைக்கும் மறுபடி கேட்டா பழசையே காட்டும். புதுசு வேணும்னா இந்தப் பட்டனை அமுக்கணும்" என்று சொல்லி அமுக்கினார்.

படம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் சாம்பல் நிற வானம். அடுத்து மழையில் நனைந்த மரங்கள். கடைசியாகச் சாலை. சாலை தெரியவே இல்லை. நாலு வரிசையும் வண்டிதான். ஒன்றின் பின்னால் ஒன்று ஒட்டிக்கொண்டு, பின்விளக்குகள் சிவப்பாக எரிய, கண்ணுக்கு எட்டின தூரம்வரை நின்றிருந்தன.

மாமனார், "ஐயய்யோ, எவ்ளோ வண்டி!" என்றார். என்னைப் பார்க்காமல், "நான் வீட்டுல சொல்லிடறேன், ரோடுதான் பாக்கறன்னு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

தினமும் ஒரு தடவை மட்டும் பார்த்த காலத்தில் எனக்குச் சரியான படம்தான் வந்திருக்கிறது. நம்பாமல் இரண்டு தடவை பார்க்க ஆரம்பித்ததும்தான் பழைய படம் வந்தது. காலை பத்தரை மணிச் சாலையை வைத்துக்கொண்டு ஒரு மனிதரைத் திருடனாக்கியிருந்தேன்.

மறுநாள் போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். அவர் பேசும் முன் நானே பேசினேன். தப்பு என் மேல்தான், பழைய படத்தைப் பார்த்துவிட்டேன், நீங்கள் சொன்னது அத்தனையும் நிஜம், மன்னித்துவிடுங்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

அவர் சந்தோஷப்படவில்லை. அழுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

"மன்னிப்பெல்லாம் கேக்காதம்மா. ஜாம் நிஜம்தான். ஆனா நான் வண்டி ஓட்டல."

"அப்படின்னா?"

"தை மாசமே சாவியை வாங்கிட்டாங்க. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால நின்ன ஒருத்தன் காலு மேல ஏத்திட்டேன். பங்களாதேஷ்காரன். அதுலேர்ந்து கம்பி கட்டற வேலை. அதே லாரிலதான் போறேன், பின்னால உக்காந்துகினு. மழை பெஞ்சா தார்ப்பாய்க்குள்ள. வண்டி என் கையில இருந்தப்ப வழியிலயே நிறுத்தி கார்டு வாங்கிடுவேன், இப்ப முடியாது. உங்கப்பா டிரைவரு டிரைவருன்னு சொல்லித்தான உன்னைக் குடுத்தாரு. எப்படிச் சொல்வேன்?"

நான் கண்டுபிடித்ததாக நினைத்த பொய் பொய்யே இல்லை. இருந்த பொய்யை நான் கண்டுபிடிக்கவும் இல்லை. மன்னிப்புக் கேட்காமல் இருந்திருந்தால் அவரும் சொல்லியிருக்க மாட்டார். ஒருத்தியும் இல்லை என்று ஒரு பக்கம் நிம்மதி. இன்னொரு பக்கம், நாலைந்து மாதம் இதை மறைத்தவர் வேறு எதை மறைக்க மாட்டார் என்ற எண்ணம், அழுதுகொண்டு நிற்கும்போதே வந்துவிட்டது.

"வீட்டுல சொல்லாத" என்றார். சொல்லவில்லை. அதன்பிறகு மாமனார் சனிக்கிழமைகளில் தானாகவே கடைக்கு வர ஆரம்பித்தார். நான் பட்டனை அமுக்கிப் புதுப் படம் எடுத்துக் காட்டுவேன். "ஒழுங்கா ஓட்டறானாமா?" என்று கேட்பார். "ஓட்டறாரு மாமா" என்பேன். பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பொய்யைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் திரையை மட்டும் பார்ப்பேன்.

2006 நடுவில் வேலை பர்மிட் முடிந்து அவர் ஊருக்கு வந்தார். கை முழுக்கக் கம்பி கிழித்த தழும்பு. வந்த இரண்டாம் நாள், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த தன் அப்பாவிடம் தானே போய் எல்லாவற்றையும் சொன்னார். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாமனார் கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

"அந்த ஆளுக்குக் கால் சரியாச்சாடா?" என்று கேட்டார் அவர்.

என் கணவர், "தெரியலப்பா. ஆஸ்பத்திரிலேர்ந்து அப்படியே ஊருக்கு அனுப்பிட்டாங்க" என்றார்.

அதை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. சாவியை வாங்கினது யார், ஏன் மறைத்தார், எத்தனை நாள் மறைத்தார் என்று வருடம் முழுக்கக் குடைந்தேன். அந்த ஆளின் காலைப் பற்றிக் கேட்கவே எனக்குத் தோன்றவில்லை.

இப்போது அவர் சொந்தமாக ஒரு வேன் வைத்துப் புதுச்சேரிக்கு ஓட்டுகிறார். வீட்டுக்கு வர நேரமானால் போன் செய்து, "கீழ்புத்துப்பட்டுல மாட்டிக்கினேன், வண்டி நகரல" என்பார். சரி என்பேன். சொல்லிவிட்டு, பின்னால் ஹாரன் சத்தம் கேட்கிறதா என்று என் காது தானாகத் தேடும். அது அவருக்குத் தெரியும். நான் எதுவும் கேட்பதில்லை, அவரும் எதுவும் சொல்வதில்லை. போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு வைத்துவிடுவார்.