‘ஆனா’ வந்தால் அணையும் மைக்

மைக்செட்காரருக்குச் சாமி, பூதம் எதுவும் கிடையாது. “ஹலோ, ஒன், டூ, த்ரீ”தான் அவருக்குத் தெரிந்த ஒரே மந்திரம். மனைவி நேர்மாறு, வாரம் தவறாமல் கடைசித் தெருவிலிருந்த சின்ன வழிபாட்டுக் கூடத்துக்குப் போய்விடுவாள்.

கடைவீதியில் குண்டு வைத்த படுபாவி, கொஞ்ச நாள் அந்தக் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தானாம். போதாதா? கூடத்துக்குப் பூட்டு விழுந்தது. அன்றிலிருந்து அவள் வீட்டுச் சுவரைப் பார்த்துக் கும்பிட்டாள், சோறு இறங்கவில்லை. மனுஷருக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

மற்ற மதப் பெரியவர்கள் மூவரும் பொதுக்கூட்டத்தில் சம்மதம் சொன்னால் திறக்கலாம் என்றார் அதிகாரி. மண்டபம் கொள்ளாத கூட்டம். பாதிப் பேர் தெருவில், நம்மவர் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே நின்றார்கள். மேடையில் ஒயர் இழுக்கும்போதே பெரியவர்களின் கிசுகிசு அவர் காதில் விழுந்தது: “சுதந்திரம் எல்லாருக்கும்தான். ஆனா அந்தக் கூடம் மட்டும் வேண்டாம்.”

முதலில் தாடிக்காரர் எழுந்தார். “குண்டு வெச்சவன் எந்த மதத்துக்கும் சொந்தக்காரன் இல்லை. கும்பிடுற உரிமை எல்லாருக்கும் உண்டு. ஆனா...”

பொட்டென்று மைக் அணைந்தது.

“ஒயர் லூசுங்க ஐயா, ஒரே நிமிஷம்!” என்று மேசைக்கடியில் குனிந்தார் மைக்செட்காரர். அவர் செட்டில் ஒயர் லூசானதாகச் சரித்திரமே இல்லை. அதற்குள் தெருவில் கைதட்டல் காதைப் பிளந்தது. தாடிக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மிச்சத்தை மென்று விழுங்கிவிட்டு உட்கார்ந்தார்.

அங்கிக்காரர் சும்மா விடுவாரா? அதையே இன்னும் உரக்கச் சொன்னார். “ஆனா...” பொட்! மறுபடி ஒயர், மறுபடி கைதட்டல். மூன்றாமவரான கண்ணாடிக்காரர் விவரமான ஆள். ‘ஆனா’ வரும் முன்னே தாமாகவே உட்கார்ந்துவிட்டார். இத்தனை கைதட்டலுக்கு அப்புறம் அதிகாரி என்ன செய்வார்? சாவியை நீட்டினார்.

“உங்க செட்ல ஒயர் லூசா? யார் காதுல பூ சுத்துறீங்க?” என்று வீட்டில் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று! மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது.

கூடம் திறந்த அன்று அவர்தான் மைக்செட், ஓசியில். பக்கத்திலேயே மனைவி உட்கார்ந்திருந்தாள். கூடத்துத் தலைவர் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“நம்மளை மாதிரியே எல்லாருக்கும் உரிமை உண்டு. ஆனா, அந்த மூணு பேரு...”

மைக்செட்காரரின் கை தானாகப் பொத்தானுக்குப் போய், அங்கேயே நின்றது. என்ன இருந்தாலும் அவளுடைய தலைவராயிற்றே.

விலாவில் ஒரு இடி விழுந்தது.

“என்ன வேடிக்கை பாக்குறீங்க? ஒயர் லூசுன்னு குனியுங்க, சீக்கிரம்!” என்றாள் மனைவி.