ஜாயினுக்குள் ஒரு ஃபங்ஷன்

கன்டெய்னர் லாரி கேட்டில் நின்றது. பேக்கிங் லிஸ்ட் மட்டும் வரவில்லை. ராத்திரிக்குள் சென்னைத் துறைமுகத்தில் நுழையாவிட்டால் கப்பல் போய்விடும். ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் டேட்டாபேஸ் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்கு வாய்த்த மதியம் இது.

டிஸ்பேட்ச் மேனேஜர் ரஃபீக் பாய் என் மேஜை அருகில் வந்து நின்றார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னா மேடம், சுத்துது சுத்துது, வர்ற மாதிரியே தெரில? சர்வர் சூடாயிருக்கும். ஏசிய ஜாஸ்தி பண்ணச் சொல்லட்டா?"

ஜாஸ்தி பண்ணினார்கள். எனக்குக் குளிரெடுத்தது, டேட்டாபேஸிலிருந்து லிஸ்டை எடுக்கும் கட்டளையான குவெரி அசையவில்லை. அவர் ஒரு டேபிள் ஃபேனையும் தூக்கிவந்து சர்வரைப் பார்த்துத் திருப்பி வைத்தார்.

நான் குவெரியைத் திறந்து படித்தேன். இரண்டு டேபிள்கள். ஒன்றில் ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரியிலிருந்து வரும் தோல் லாட்டுகள், மற்றதில் இங்கே தைத்துப் பெட்டி போட்ட ஷூக்கள். லாட் நம்பரை வைத்துத்தான் இரண்டையும் சேர்க்க வேண்டும்; அந்தச் சேர்ப்புதான் ஜாயின். டேனரியில் நம்பருக்கு நடுவில் கோடு போட்டு அடிப்பார்கள். இங்கே பாதிப் பேர் அப்படியே அடிப்பார்கள், மீதிப் பேர் இடம் விட்டு அடிப்பார்கள். இரண்டையும் ஒரே மாதிரி ஆக்க யாரோ ஒரு ஃபங்ஷன் எழுதி, ஜாயினின் இரு பக்கமும் வைத்திருந்தார்கள். சீக்கிரம் தேட உதவும் இன்டெக்ஸ் இருந்தும் பயனில்லை; ஃபங்ஷன் மாற்றிய நம்பர் அதில் கிடையாது.

ஃபங்ஷனை எடுத்துவிட்டு ஓட்டினேன். உடனே வந்தது. ரஃபீக் பாய் பிரின்டரை நோக்கி ஓடினார்.

"பாய், நில்லுங்க! பாதிப் பெட்டியக் காணோம்."

"யா அல்லா! எங்க போச்சு?"

"எங்கயும் போல. லாட் நம்பர் ஒத்துப்போகாததெல்லாம் விட்டுப்போச்சு. அந்த ஃபங்ஷன் வேணும். ஆனா அது இன்னா பண்ணுது தெரியுமா? இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன் நிறுத்தி, ரெண்டு பேர் மூஞ்சியையும் கழுவிட்டு ஒரே ஆளான்னு பாக்குது. இல்லன்னா அடுத்த ஆளக் கூப்ட்டு, முதல் ஆளுக்கு மறுபடியும் மூஞ்சி கழுவுது."

"ஒரே மூஞ்ச எத்தினி வாட்டி கழுவுறது? தோல் உரிஞ்சிடும் மேடம்!"

இரண்டு தற்காலிக டேபிள்கள் போட்டேன். ஒவ்வொரு லாட் நம்பரையும் ஒரே ஒரு முறை ஃபங்ஷனில் விட்டு, சுத்தமான நம்பரைத் தனி நெடுவரிசையில் சேமித்து, அதற்கு இன்டெக்ஸ் வைத்தேன். பிறகு அந்த நெடுவரிசைகளை நேராக ஜாயின் செய்தேன். ரன் பட்டனை அழுத்தினேன். ரஃபீக் பாய் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் லிஸ்ட் முழுதாக வந்துவிட்டது.

அவர் நம்பவில்லை. "இவ்ளோ சீக்கிரம் வந்தா தப்பாத்தான் இருக்கும்," என்று லிஸ்டைப் பிடுங்கிக்கொண்டு போய், பெட்டி பெட்டியாகச் சரிபார்த்தார். எல்லாம் ஒத்துப்போனது.

"வண்டிய எடுப்பா!" என்று கத்தினார். டிரைவர் திகைத்துப்போனார்.

"இன்னா பாய், எப்பவும் லேட்டாவும்னு நம்பி இப்பதான் பிரியாணி சொன்னேன்!"

பிரியாணியைப் பார்சலாக ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பியது. கப்பல் கிடைத்தது.

அடுத்த வாரம் அந்தச் சுத்தமான நம்பர் நெடுவரிசையை இரண்டு டேபிள்களிலும் நிரந்தரமாக்கினேன். இப்போது லாட் நம்பர் உள்ளே நுழையும்போதே சுத்தமாகிவிடுகிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குவெரி நின்றுபோனால் சர்வருக்கு விசிறாதீர்கள். ஜாயினைத் திறந்து, உள்ளே ஃபங்ஷன் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதன் வேலையை ஜாயினுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.