லிஃப்ட்காரன் வாங்கிய மீன்

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம், கதவுக்கு வெளியே நின்று, "பத்தே நிமிஷம்மா, நான் இங்கயேதான் இருக்கேன்" என்று அவன் பேசுகிற அழகைக் கேட்க வேண்டும். அலறல் அடங்கிவிடும். ஆனால் சொந்த விஷயம் என்று வந்துவிட்டால் அவனைப் போல அவசரக்குடுக்கை கிடையாது. கூடப் பிறந்தவள் நான் சொல்கிறேன்.

அவன் மனைவி பிரிந்து போய் எட்டு மாதம் ஆகிறது. யார் மேல் தப்பு என்று என்னைக் கேட்காதீர்கள், ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன். ஏழு வயது மகள் அம்மாவோடு இருக்கிறாள். சிட்டு என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். போன மாதம் முதல்முறையாக அவனுடைய மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்தாள். இவன் வாசலிலேயே வாரித் தூக்கி, பொம்மைகளைக் கொட்டி, "இங்கயே தூங்கறியா? அப்பாகூட இருக்கியா?" என்று துளைத்தெடுத்துவிட்டான். குழந்தை ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்கெல்லாம் "அம்மாகிட்ட போகணும்" என்றாள். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

பிறகு ஒரு நாள் போனில், மீன் என்றால் பிடிக்கும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான். மறுநாளே ஒரு கண்ணாடித் தொட்டியும் நீல நிற ஃபைட்டர் மீன் ஒன்றும் வந்து இறங்கின.

கடைக்காரர் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தான். மீனைப் பையோடு கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டான். அப்புறம் தொட்டித் தண்ணீரைச் சின்னக் கிண்ணத்தால் மொண்டு பைக்குள் ஊற்றினான்.

"எதுக்குடா இத்தனை பாடு? தூக்கிப் போட வேண்டியதுதானே?" என்றேன்.

"புதுத் தண்ணி சட்டுனு ஒத்துக்காதுக்கா. கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழக்கணும்."

இத்தனை செய்தும், தொட்டியில் விட்டதும் மீன் நேராகப் போய்ச் செடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. மறுநாளும் அங்கேயேதான். தீனியைத் தொடவில்லை.

சிட்டு மறுபடி வர ஐந்து நாள்தான் இருந்தது. இவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அங்கேதான் தன் மூளையைக் காட்டினான். ஏதோ பழைய லிஃப்டிலிருந்து கழற்றிய முகம் பார்க்கும் கண்ணாடியை வெட்டி, தொட்டிக்குப் பின்னால் நிறுத்திவிட்டான்.

"லிஃப்ட்ல எதுக்குக்கா கண்ணாடி வைக்கிறோம்? உள்ள இருக்கிறவங்களுக்கு மூச்சு முட்டாம இருக்கத்தான். இதுவும் தனியாத்தானே இருக்கு, பாவம்."

மீனும் செவுளை விரித்து, துடுப்பைச் சிலிர்த்துக்கொண்டு ஆடியது. "பாத்தியா, உசுரு வந்துடுச்சு!" என்று குதித்தான். எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது, பொய் சொல்வானேன். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், வால் கிழிந்து அடியில் சாய்ந்து கிடக்கிறது.

கடைக்காரர் போனிலேயே கத்தினார். "பேரே ஃபைட்டர் சார்! கண்ணாடியில தெரியறது வேற மீனுன்னு நெனச்சு நாள் பூரா சண்டை போட்டிருக்கு. முதல்ல அதை எடுங்க. லைட்டை அணைச்சுட்டு சும்மா விடுங்க. எட்டி எட்டிப் பாக்காதீங்க."

சும்மா விடுவதாம்! என் தம்பிக்கு அதைவிடப் பெரிய தண்டனை உண்டா? கண்ணாடியை எடுத்து, தொட்டியைச் சுற்றிக் காகிதம் ஒட்டிவிட்டு, அறையின் மறுகோடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"நல்லது பண்றேன்னு நெனச்சு பாதி கொன்னுட்டேன்க்கா," என்றான். கண் கலங்கியிருந்தது. "சிட்டுகிட்டயும் அப்படித்தான் நடந்துக்கிட்டேன், இல்ல?"

எனக்கு வாய் நீளம் என்பார்கள். அன்றைக்கு மட்டும் எழுந்து போய்க் காபி போட்டுக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் காகிதத்தைப் பிரித்தபோது மீன் மேலே வந்து ஒரே ஒரு உருண்டைத் தீனியைக் கவ்வியது. பரீட்சையில் பாஸானவன் மாதிரி எனக்குப் போன் போட்டுச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை சிட்டு வந்தாள், ஷூவோடுதான். தூக்கிக்கொள்ள அவன் கை பரபரத்ததை நான் பார்த்தேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "வாடா" என்றதோடு நிறுத்திக்கொண்டு, அந்த மறுகோடி நாற்காலிக்கே போய்விட்டான். அவளாகவே வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தொட்டி முன்னால் வந்து நின்றாள்.

"வால் ஏன்ப்பா கிழிஞ்சிருக்கு?"

"அப்பா பண்ண தப்புடா. வளந்துடும்னு கடைக்காரர் சொன்னார்."

"இதை எப்படி உள்ள விட்டீங்க?"

சொன்னான். பை, கால் மணி நேரம், கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர், சட்டென்று ஒத்துக்கொள்ளாது என்பது, எல்லாவற்றையும். கேட்டுக்கொண்டே அவள் தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். அவனோ கவனிக்காத மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான், திருட்டுப் பயல்.

நாலு மணி ஆனது. கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தானே தவிர, வாயைத் திறக்கவில்லை. அவளே சொன்னாள்.

"அப்பா, இன்னைக்கு ஆறு மணி வரைக்கும் இருக்கேன். அடுத்த வாட்டி ஏழு மணி. அதுக்கு அடுத்த வாட்டி எட்டு." கொஞ்சம் யோசித்தாள். "சட்டுனு ஒத்துக்காதுல்ல?"

"ஒத்துக்காதுடா," என்றான்.

ஆறு மணிக்கு ஷூ மாட்டிக்கொண்டாள். கீழே அவள் அம்மா காத்திருந்தாள். லிஃப்ட் மூன்றாம் மாடியிலேயே கதவைத் திறந்துகொண்டு நின்றது. ஊர் லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற என் தம்பி, அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அவள் விரலைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினான். மூன்று மாடியும், ஒவ்வொரு படியாக.