ரிம்மை யார் அடிப்பது

அவள் மீது எனக்கு இருந்தது பொறாமைதான். அதற்கு இன்னும் மரியாதையான பெயர் ஒன்றைத் தேடி நெடுநாள் முயன்றேன், கிடைக்கவில்லை.

தொலைநிலைக் கல்வியில் முதுகலை இலக்கியம் படித்துக்கொண்டே, மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த எங்கள் வளப்பூர் நாட்டில் மிளகு பயிரிடும் பெண்கள் கூடி நடத்துகிற கொள்முதல் கொட்டகையில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு முன்பே அங்கு ஒருத்தி இருந்தாள். என் வயதுதான். அதே மலையிலுள்ள குண்டூர் நாட்டிலிருந்து காலைப் பஸ்ஸில் வருவாள், மாலைப் பஸ்ஸில் போவாள். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். படிப்பால் நான் உயர்ந்தவள் என்ற எண்ணம் எனக்குள் இருந்ததை மறைப்பதற்கில்லை. இருந்தும் பொறாமைப்பட்டது நான்தான்.

வேலை சிக்கலானதன்று. பறித்து உதிர்த்த பச்சை மிளகைக் களத்தில் தார்ப்பாய் விரித்துப் பரப்ப வேண்டும். அது கறுத்துச் சுருங்கிக் கையில் கலகலக்கும் வரை காய வைத்து, மூட்டை கட்டி லாரியில் கீழே அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டு மிளகும் அதில் அடக்கம். காய்ந்த மிளகு நனைந்துவிட்டால் பூஞ்சை பிடிக்கும். வியாபாரி ஒரு பிடி அள்ளி முகர்ந்த உடனேயே மூட்டையைத் திருப்பிவிடுவார். ஆகவே எங்கள் வேலையின் பெரும்பகுதி வானத்தைப் பார்ப்பது.

களத்தின் ஓரத்தில் நிற்கும் சில்வர் ஓக் மரத்தில் பழைய லாரிச் சக்கரத்தின் ரிம் ஒன்று தொங்கும். மழை வரும் போலிருந்தால் இரும்புக் கம்பியால் அதை அடிக்க வேண்டும். சுற்றியுள்ள மரவள்ளிக் காடுகளில் களை எடுக்கும் பெண்கள் போட்டது போட்டபடி ஓடி வந்து மிளகை அள்ளுவார்கள். எப்போது அடிப்பது என்பதைக் கொட்டகையில் இருப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். கேட்டுச் செய்யலாம் என்றால் மேலாளர் கீழ்நாட்டுக்காரர். வாரத்தில் ஓரிரு நாள்தான் மலைக்கு வருவார். கொட்டகையில் செல்போனுக்குச் சிக்னலும் கிடையாது.

சேர்ந்த புதிதில் ஒருநாள் நான் அடித்தேன். எல்லோரும் ஓடி வந்து அள்ளினார்கள். மேகம் சற்று நின்று பார்த்துவிட்டுக் கலைந்துபோனது. அன்று மேலாளர் அங்கிருந்தார். "படிச்ச பொண்ணுங்க. நெழலு விழுந்தாலே மழைன்னு புஸ்தகத்துல போட்டிருக்கும்" என்றார். பெண்கள் சிரித்தார்கள். அவர் அதை அடுத்த நொடியே மறந்திருப்பார். எனக்கோ, பிறகு கம்பியைத் தொடும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு கேட்டது. தொடுவதையே விட்டுவிட்டேன்.

அவள் அடிப்பாள். சோற்றுக் கையோடு எழுந்து போய் இடது கையால் அடிப்பாள். அவள் கணிப்பு தவறாதது என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். கவனித்துப் பார்த்தபோது அப்படியில்லை என்று தெரிந்தது. அவளும் அடிக்கடி தவறினாள். என்னைவிட அதிகமாகவே தவறினாள். மழை பொய்த்தால், "அடப் போங்க, அது நம்மள ஏமாத்திப்போட்டுது" என்று சிரித்துக்கொண்டே தார்ப்பாயை மறுபடி விரிப்பாள். பெண்களும் கூடவே சிரிப்பார்கள். என்னைப் பார்த்துச் சிரித்த அதே பெண்கள்தான். ஆனால் சிரிப்பு வேறு. மறுநாள் அவளுக்கு இலையில் சுற்றி வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு வரும். என்னை 'டீச்சரு' என்று அழைத்தார்கள். நான் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை.

அவள் அடித்து மழை வராத நாட்களில் எனக்குள் ஒரு சிறிய திருப்தி ஊறும். முகத்தில் காட்டாமல் தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்துக்கொடுப்பேன்.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "மழை வரும்னு உனக்கு எப்படித் தெரியுது?"

"எனக்கென்ன தெரியும்? பயமா இருக்கும். அடிச்சுப்போடுவேன்."

"வரலைன்னா?"

"வரலைன்னா நல்லதுதான கண்ணு?"

இந்தப் பதில் என்னைப் பல நாள் எரிச்சல்படுத்தியது. பயம் என் கையைக் கட்டிப்போடுகிறது. அதே பயம் அவள் கையைத் தூக்கிவிடுகிறது. கல்லூரியிலும் நான் இப்படித்தான் இருந்தேன். பேராசிரியர் கேள்வி கேட்டால், விடையைப் பிழையில்லாத ஒரு முழு வாக்கியமாக மனத்திற்குள் கட்டி முடிக்கும் வரை வாய் திறக்க மாட்டேன். அதற்குள் வேறொருத்தி பாதி விடையைச் சொல்லிப் பாராட்டு வாங்கியிருப்பாள்.

பங்குனியில் ஒருநாள் அவள் விடுப்பு எடுத்தாள். கீழே சேந்தமங்கலத்தில் அண்ணிக்கு வளைகாப்பு. மறுநாள் காலை லாரி வரவிருந்தது. பருவத்தின் பெரும்பங்கு மிளகு களத்தில் கடைசி வெயிலுக்காகக் கிடந்தது. முந்தைய மாலை பஸ் ஏறும்போது அவள் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "மேகம் ஏறுச்சுன்னா தட்டிப்போடு. யோசிச்சுட்டு நிக்காத."

'யோசிச்சுட்டு நிக்காத.' அன்றிரவு அந்தச் சொற்களோடு மனத்திற்குள் வெகுநேரம் சண்டை போட்டேன்.

அவள் விடுப்பில் இருந்த அன்று முற்பகலில் மேற்கே முகட்டுக்குப் பின்னாலிருந்து மேகம் எழுந்தது. கம்பியை எடுத்தேன், கீழே வைத்தேன். அவள் இருந்திருந்தால் இந்நேரம் அடித்திருப்பாள் என்று தோன்றியது. உண்மையில் என்னை அடிக்க வைத்தது துணிவன்று. அந்த எண்ணம் தந்த ஆத்திரம். ரிம்மின் ஓசை நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது.

பெண்கள் ஓடி வந்தார்கள். அள்ளி, கூட்டி, கொட்டகைக்குள் கொண்டு சேர்த்தோம். கடைசிக் கூடை உள்ளே வந்தபோது களத்தில் வெயில் பளீரென்று அடித்தது. மேகம் முழுவதும் குண்டூர்ப் பக்கம் ஒதுங்கியிருந்தது.

களைக்கொத்தோடு வந்திருந்த ஓர் அக்கா இடுப்பில் கை வைத்து வானத்தைப் பார்த்தார். அவருடைய குரலுக்கு அந்தக் காட்டில் போட்டி கிடையாது.

"ஏன் டீச்சரு, மழ பஸ்ஸ உட்டுருச்சாட்ட இருக்குது?"

"அடுத்த பஸ்ஸுக்கு வாரேன்னு சொல்லியிருக்குமுங்க" என்றார் பக்கத்திலிருந்தவர்.

எல்லோரும் சிரித்தார்கள். என் காதுகள் சுட்டன. நான் எத்தனை மாதமாக அஞ்சிக்கொண்டிருந்தேனோ, அது அப்படியே நடந்துகொண்டிருந்தது. நடந்தபோது அது அவ்வளவு பெரிதாக இல்லை. "இன்னும் கொஞ்சம் காயணுங்க. மறுபடி விரிச்சுடலாம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனாலும் விரித்தார்கள். விரித்துவிட்டு, முணுமுணுத்தபடி காட்டுக்குத் திரும்பினார்கள்.

பிற்பகலில் மறுபடியும் இருண்டது.

இம்முறை கம்பி முன்னைவிடக் கனத்தது. காலையில் தவறியவள் அடித்தால் யார் வருவார்கள்? வந்து, மழை மறுபடியும் பொய்த்துவிட்டால்? அவளாக இருந்தால் சிரித்துத் தப்பிப்பாள். எனக்கு அந்தச் சிரிப்பு வராது. களத்தில் கறுப்பாய்ப் பரந்து கிடந்த மிளகைப் பார்த்தேன். அதில் எங்கள் அம்மா பறித்தது எது, அந்த அக்கா பறித்தது எது என்று இனிப் பிரிக்க முடியாது. நனைந்தால் எல்லோருடையதும் நனையும். வரவில்லையென்றால் நல்லதுதானே என்று அவள் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. அதையும் அவளிடமிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எடுத்துக்கொண்டேன். அடித்தேன்.

அக்காவின் குரல் காட்டிலிருந்து வந்தது. "மறுக்காவா? உனக்குக் கையி சும்மாவே இருக்காதா சாமி?"

யாரும் நகர்ந்ததாகத் தெரியவில்லை. கம்பியைப் போட்டுவிட்டு வரப்பு வரை ஓடினேன். "வாங்கக்கா! மழ வந்தாலும் வாங்க, வராட்டியும் வாங்க! நானொருத்தி எப்படி அள்ளுவேன்?" என்று கத்தினேன். அவ்வளவு உரக்க நான் அதற்கு முன் பேசியதே இல்லை. அந்தக் குரலைக் கேட்ட வியப்பில்தான் பாதிப்பேர் வந்திருப்பார்கள் என்று இன்றும் நினைக்கிறேன். சிலர் வரவேயில்லை. வந்தவர்கள் வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்கள், திட்டிக்கொண்டே அள்ளினார்கள்.

கடைசித் தார்ப்பாயை நான்கு மூலையிலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது மழை இறங்கியது. தூறலாக அல்ல, ஒரேயடியாக. அந்தத் தார்ப்பாயிலிருந்த மிளகில் ஒரு பகுதி நனைந்துவிட்டது. மற்றதெல்லாம் தப்பியது. கொட்டகைக்குள் முந்தானையைப் பிழிந்துகொண்டே அக்கா என்னைப் பார்த்தார்.

"அடேங்கப்பா. இந்தத் தொண்டைய இத்தன நாளா எங்க வெச்சிருந்த?"

மறுநாள் காலை லாரியோடு மேலாளரும் வந்தார். வளைகாப்பு மருதாணி சிவந்த கையோடு அவளும் பஸ்ஸிலிருந்து இறங்கியிருந்தாள். ஈரக் களத்தையும் கொட்டகைக்குள் குவிந்திருந்த உலர்ந்த மிளகையும் மாறிமாறிப் பார்த்த மேலாளர், அவளை நோக்கித் திரும்பினார். "நீ இருக்கப்போயித் தப்பிச்சுது. இல்லீன்னா இத்தனையும் போயிருக்கும்."

அவள் உடனே மறுக்கவில்லை. எதற்கும் தயங்காதவள், கண் இமைக்கும் நேரம் தயங்கினாள். ஒருவேளை சொல்ல வாயெடுத்துக்கொண்டுதான் இருந்தாளோ என்னவோ, நான் காத்திருக்கவில்லை.

"இல்லீங்க சார். நேத்து இவ ஊர்ல இல்லை. அடிச்சது நான். ரெண்டு தடவ அடிச்சேன். முதல் தடவ மழை வரலீங்க."

வாக்கியத்தை மனத்திற்குள் கட்டிப் பார்க்காமல் நான் பேசியது அநேகமாக அதுவே முதல் முறை. மேலாளர் புருவத்தை உயர்த்தினார்.

"ரெண்டு தடவையா?"

"ஆமாங்க" என்று அக்கா இடையில் புகுந்தார். "மொத தடவ எங்களுக்கு ஓட்டப்பந்தயம் வெச்சுப் பாத்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளும் சிரித்தாள், ஆனால் ஒரு கணம் கழித்து, உதடுகளால் மட்டும். பிறகு யாரும் கேட்காமலே மூட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொடுக்கக் குனிந்தாள். அந்த முகம் எனக்கு மிக நன்றாகத் தெரியும். அதைப் பல மாதங்கள் நானே அணிந்திருந்தேன். அவளுக்காக வருந்தியிருக்க வேண்டும். வருந்தவில்லை.

அடுத்த வாரம், புதிதாகப் பரப்பிய மிளகின் மீது மேக நிழல் விழுந்தபோது நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். ஒரே கம்பியை நோக்கி ஓடினோம். அவள் என்னைவிட விரைவாக ஓடுகிறவள். முந்திக்கொண்டாள், பலமாக அடித்தாள்.

அன்று மழை வரவில்லை. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.