துண்டுக்கடியில் போன வேலை

எங்கள் கல்லூரியில் அயல்நாட்டு வாணிகக் கழகம் என்று ஒன்று இருந்தது. பெயர்தான் பெரிது, திருச்சிக்கு வெளியே அது ஒரு முறுக்கைக்கூட விற்றதில்லை. சனிக்கிழமை மாலைகளில் கூடி, கப்பல், துறைமுகம், சுங்கம் என்று பேசித் தீர்ப்போம். கப்பலை நேரில் பார்த்தவன் எங்களில் ஒருவனும் இல்லை. கழகத் தலைவன் ஸ்ரீரங்கத்துக்காரன், எனக்கு ஒரு வருடம் மூத்தவன். காவிரிப் பாலத்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போதும் டை கட்டியிருப்பான்.

நான் அதில் சேர்ந்தது வாணிகத்தின் மேல் உள்ள ஆசையால் அல்ல. அப்பா, புதன்கிழமைதோறும் கூடும் மணப்பாறை மாட்டுச் சந்தையில் தரகர். படிப்பு முடிந்ததும் நானும் சந்தைக்கு வர வேண்டும் என்பது அவர் கட்டளை. எனக்கு மாட்டைக் கண்டால் ஆகாது. மாட்டுக்கும் என்னைக் கண்டால் ஆகாது. சிறுவயதிலேயே உதை வாங்கியிருக்கிறேன். கடைசிப் பரீட்சை முடிந்த வாரம் கழகம் ஒரு விற்பனைப் போட்டி வைத்தது. ஜெயிப்பவனுக்கு வேலை தருவதாகச் சென்னை ஏற்றுமதி கம்பெனி ஒன்று சொல்லியிருந்தது. அப்பாவிடம் கெஞ்சினேன்.

"வேலை கெடச்சா போடா. கெடைக்கலன்னா சந்தைதான். அப்புறம் பேச்சு மாறக் கூடாது" என்றார்.

போட்டி இதுதான்: மேடையில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரரிடம் ஒரு கைத்தறித் துண்டை விற்க வேண்டும். அவர் ஒரு தொழிற்சாலைக்கு யந்திரம் பூட்ட வந்த ஐரோப்பியர். கம்பெனி மேனேஜர் கீழே உட்கார்ந்து மார்க் போடுவார். தலைவன் முதலில் போய், ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல் விலையைச் சொல்லி விற்றுவிட்டு வந்தான்.

அடுத்தது நான். இரவல் டை கழுத்தை நெரித்தது. ஆனாலும் நூல், சாயம், சலவை என்று ஒன்றுவிடாமல் ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். வெள்ளைக்காரர் தலையாட்டிக் கேட்டார். பிறகு, விலை என்ன என்றார்.

அங்கேதான் வந்தது வினை. எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. விற்பவர் கையும் வாங்குபவர் கையும் ஒரு துண்டுக்கடியில் போகும். விரலைப் பிடித்தே பேரம் முடியும். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியக் கூடாது. நான் பார்த்து வளர்ந்த வியாபாரம் அதுதான். ஹால் நிறைய ஆட்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, விலையைச் சொல்வது சட்டையைக் கழற்றிவிட்டு நிற்பதுபோல் கூச்சமாக இருந்தது. என் கை என்னைக் கேட்காமல் மாதிரித் துண்டை எடுத்து அவர் கைமேல் போர்த்தியது. அடியில் அவர் விரல்களைப் பிடித்தும்விட்டது.

மனிதர் நாற்காலியோடு துள்ளினார். முன்வரிசையில் தலைவன் தலையில் கையை வைத்துக்கொண்டான். ஆனால் வெள்ளைக்காரருக்கு முகம் மெல்ல மலர்ந்தது. என் விரலை அவரும் அழுத்தினார். நான் தலையசைத்து மறுத்தேன், அவர் மறுபடி அழுத்தினார். கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "முடிஞ்சுதுங்க!" என்று கத்தினேன். ஹால் அதிர்ந்தது.

"என்ன வெலைக்குத் தம்பி முடிஞ்சுது?" என்றார் மேனேஜர்.

"அத வெளிய சொல்லக் கூடாதுங்க."

"மார்க் போடணுமேப்பா!"

"வாங்கினவர்கிட்டயே கேட்டுக்குங்க."

கேட்டார். வெள்ளைக்காரரும் என்னைப் பார்த்துவிட்டு, சொல்ல மாட்டேன் என்று தலையசைத்தார். மேனேஜர் பேனாவை மூடினார்.

வேலை ஸ்ரீரங்கத்துக்குப் போயிற்று. "நோக்கென்ன பைத்தியமாடா? வாய்க்கு வந்த ஒரு வெலையச் சொல்லித் தொலைச்சிருக்கப்படாதோ?" என்று தலைவன் திட்டினான். அவனுக்கு நிஜமாகவே வருத்தம். நான் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் அழுதேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வெலையச் சொன்னியா?"

"இல்லப்பா."

"அத்தன பேரு கேட்டுமா?"

"சொல்லலப்பா."

அப்பா உள்ளே திரும்பி, "ஏய், இங்க வந்து கேளு, ஒம் மவன் செஞ்சிருக்க காரியத்த!" என்று அம்மாவைக் கூப்பிட்டார். பரீட்சையில் நான் தேறியபோதெல்லாம் அந்தக் குரல் வந்ததில்லை. தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் தோளில் போட்டார். "புதன்கெழம வெள்ளன எந்திரி."

மாடு எனக்கு ஆகாது என்று இனி எந்த வாயை வைத்துக்கொண்டு சொல்வது? உண்மையைச் சொன்னால், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, புதன்கிழமை மாடு மறுபடி உதைக்கும் வரை.