பெரட்டுக்கு முந்திய சிறுநீர்

இலங்கை மலைநாட்டில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மருந்தகப் பொறுப்பில் இருந்த ஆண்டுகளில் என் பதிவேட்டில் பிழை கண்டவர் எவருமில்லை. இங்கே எழுதுவது அந்தப் பதிவேட்டில் இல்லாதது.

விடியலில் ஆட்களைக் கூட்டும் பெரட்டில் நின்று, கங்காணியிடம் அனுமதித் துண்டு வாங்கிய பின்னரே நோயாளிகள் மருந்தகத்துக்கு வரலாம். அதற்குள் அனைவரும் தேத்தண்ணீர் குடித்திருப்பர். ஆகவே நான் சோதித்த சிறுநீரெல்லாம் வெளிறியே இருந்தது. வெளிறல் எனக்குப் பழகிப்போயிற்று.

கொழுந்து பறிக்கும் முப்பது வயதுக்காரி ஒருத்தி கணவனோடு வந்தாள்.

"ராவுல நாலஞ்சு தடவ எந்திரிக்கிறேங்க டாக்டரையா. பகல்ல அவ்வளவா இல்லீங்க."

"இவளுக்குன்னே தொர ஒரு காவக்காரன் போடணுங்க!" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி. எல்லோரும் சிரித்தனர்.

தேயிலை நிரையை விட்டு ஒதுங்க மறைவிடம் இல்லாததால் பெண்கள் மலையில் வேலைநேரத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. மாலையில் குடியிருப்பு லயத்துக்குத் திரும்பியதும் குடித்துத் தீர்ப்பார்கள். காரணம் அதுவென்றே முடிவுசெய்தேன். அவளுடைய சிறுநீரும் மற்றவர்களுடையதைப் போல வெளிறியே இருந்தது.

"பின்னேரம் குடிச்சால் இரவிலை போகத்தானே வேணும்? பொழுதுபட்டால் ஒரு சொட்டும் குடியாதை."

அவள் அப்படியே கீழ்ப்படிந்தாள். இரண்டு மாதத்தில் ஓயாத வாந்தியும் விக்கலுமாக அவளை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த டாக்டர், மறுநாள் விடியலில் எடுத்த அவளுடைய சிறுநீரை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். பச்சைத்தண்ணீர் போலிருந்தது.

"இரவிலை மூளையடிச் சுரப்பி தண்ணியை மறிக்கச் சொல்லும். நல்ல சிறுநீரகம் கேட்கும். விடிய வாறது கடும் மஞ்சளாய் இருக்கும். இவவின்ர சிறுநீரகம் கேட்கிற நிலை தாண்டிட்டுது. உடம்பு தண்ணிக்குத் தவிச்சிருக்கு. ஆர் தண்ணியை நிப்பாட்டச் சொன்னது?"

நான் வாய் திறக்குமுன் கணவன் தலைகுனிந்து சொன்னான்:

"நாங்களாத்தாங்க நிறுத்திட்டோம்."

அவன் என்னைப் பார்க்கவில்லை. தோட்டத்தில் மீண்டும் என்னிடமே மருந்துக்கு நிற்க வேண்டியவன் அவன். நான் மறுக்கவில்லை.

நான்காம் நாள் அவள் இறந்தாள். அதன்பின் பெரட்டுக்கு முன்பே சிறுநீர் பிடித்துவைக்க லயங்களுக்குப் போத்தல் அனுப்பினேன். தோட்டத்துரை அந்த ஏற்பாட்டைப் பாராட்டினார். பாராட்டைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டேன், காரணத்தை எழுதவில்லை.